ஆணி ஏறியும் நிற்காத வண்டி

என் பெயர் பாண்டீஸ்வரி. வயது 36. கணவர் பெயர் செல்வக்குமார். மதுரை மாவட்டம், மேலூர் வட்டம், திருவாதவூர் கிழக்குத் தெருவில் குடியிருந்து வருகிறேன். ஒத்தக்கடையில் உள்ள ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்க்கிறேன். என் கணவர் கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். என்னை நீதிமன்றத்துக்கு அழைத்து வந்த காவலர்களை நீதித்துறை நடுவர் அம்மா வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தச் சொன்னார்கள். சொல்ல விருப்பம் இல்லையென்றால் சொல்ல வேண்டியதில்லை என்று விளக்கி, யோசிக்க நேரமும் கொடுத்தார்கள். யோசித்த பிறகு சொல்கிறேன்.

நான் தினமும் திருவாதவூரிலிருந்து ஒத்தக்கடைக்கு என்னுடைய ஸ்கூட்டரில் போய் வருவேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில், தச்சனேந்தலுக்குப் பிரியும் விலக்குக்கு முன்பாக ஒரு கண்மாய்க் கரை வருகிறது. கரையை ஒட்டி ரோடு வளையும் இடத்தில் ஒரு குறுகலான பாலம் இருக்கிறது. இரண்டு பக்கமும் சீமைக் கருவேல மரங்கள் அடைத்து நிற்கும். தை மாதத்துக்குப் பிறகு அந்த இடத்தில் என் வண்டி அடிக்கடி பஞ்சர் ஆனது. அப்போதெல்லாம் பின்னால் பேருந்தோ டிராக்டரோ வந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியாகப் பஞ்சர் ஆன அன்று சாயங்காலம் என் கணவர் டயருக்குள் ஊற்றும் பஞ்சர் லிக்விட் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். அதை சீலன்ட் என்றும் சொல்கிறார்கள். பச்சை நிறத்தில் கஞ்சி மாதிரி இருந்தது. காற்று அடிக்கும் வாயைக் கழற்றி அதன் வழியாக இரண்டு சக்கரத்திலும் ஊற்றினார். ஆணி ஏறினால் இந்தத் திரவம் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், காற்று இறங்காது என்று சொன்னார். டயர் கெட்டுப்போகும், இதெல்லாம் ஏமாற்று வேலை என்று நான் சத்தம் போட்டேன். அவர் வண்டியை ஓட்டித் திரவத்தைச் சக்கரம் முழுக்கப் பரவ விட்டார்.

கடந்த 12.03.2025 புதன்கிழமை என் நாத்தனார் முத்துமீனாவை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். முத்துமீனா என் கணவரின் தங்கை. தலைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இப்போது ஏழாவது மாதம். ஒத்தக்கடையில் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் கடையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். திருமோகூர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டோம். அங்கே ஒரு இளம்பெண் தன் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட வரிசையில் நின்றிருந்தார். மதுரையிலிருந்து வருவதாகவும், வாதவூர் சிவன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றும், மெயின் ரோட்டில் போவதா இந்த ரோட்டில் போவதா என்றும் கேட்டார். நான், "இந்த ரோட்டுலயே வாங்க தங்கச்சி, வெயிலுக்கு நிழலா இருக்கும். நாங்களும் அங்கிட்டுத்தான் போறோம்" என்று சொன்னேன். அவர் சிரித்து, பெட்ரோல் போட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். நாங்கள் முன்னால் கிளம்பிவிட்டோம். அவர் பெயர் சுஷ்மா என்பதும், தனியார் பள்ளி ஆசிரியை என்பதும் பின்னால்தான் எனக்குத் தெரிய வந்தது.

அதன் பிறகு நாங்கள் கண்மாய்ப் பாலத்துக்கு வந்தோம். அறுவடை முடிந்து வயல்கள் எல்லாம் காலியாகக் கிடந்தன. ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. பாலம் ஏறும்போது பின் சக்கரத்தில் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் டிக், டிக் என்று தார் ரோட்டில் இரும்பு தட்டும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஆணி ஏறிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டி இப்போது அமுங்கும், இப்போது அமுங்கும் என்று கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன். அமுங்கவில்லை. அப்போதுதான் டயருக்குள் பச்சைத் திரவம் இருப்பது நினைவுக்கு வந்தது. ஊர் வரை போய்விடலாம் என்று நிறுத்தாமல் ஓட்டினேன்.

பாலம் தாண்டியதும் வலது பக்கக் கருவேல மர நிழலிலிருந்து ஒரு கறுப்பு நிற பைக் கிளம்பி வந்தது. அதில் இரண்டு பேர் இருந்தார்கள். ஓட்டியவர் சிவப்புச் சட்டையும் வெளிர் சாம்பல் நிறப் பேண்ட்டும் போட்டிருந்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவர் மூக்குக்கண்ணாடி போட்டு, வாயைக் கைக்குட்டையால் கட்டியிருந்தார். பைக்கில் நம்பர் எழுதிய தகடு மேல்நோக்கி மடக்கப்பட்டிருந்தது. அவர்கள் எங்களுக்கு வலது பக்கமாக ஒட்டி வந்தார்கள். சிவப்புச் சட்டைக்காரர், "அக்கா, பின் டயர்ல ஆணி ஏறியிருக்கு. ஓரங்கட்டுங்க, எடுத்து விடுறோம்" என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

முத்துமீனா என் தோளைத் தட்டி, "மதினி, நிறுத்துங்க. அந்த அண்ணன் சொல்றாருல்ல" என்றாள். நானும் ஆக்சிலேட்டரைக் குறைக்கத்தான் போனேன். அதற்குள் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவர்கள் எங்களுக்குப் பின்னால் வரவில்லை. பக்கத்து மரத்தடியிலிருந்து வந்து நேராகப் பக்கவாட்டில் சேர்ந்தவர்கள். பின் டயரின் அடியில் இருக்கும் ஆணி அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். "பக்கத்துலதான் ஊரு. அங்க போய்ப் பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு ஓட்டினேன். அவர் திரும்பித் தன் கூட்டாளியிடம், "இம்புட்டு நேரத்துக்கு இறங்கியிருக்கணுமே மாப்ள" என்று சொன்னது காற்றில் எனக்குக் கேட்டது. கண்ணாடிக்காரர் குனிந்து என் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு வேகமாகப் போகலாம் என்றால் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. பின்னால் ஏழு மாதக் கர்ப்பிணி உட்கார்ந்திருக்கிறாள். முத்துமீனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தமாகப் பேசி விளக்கினால் அவர்களுக்குக் கேட்டுவிடும். அவள் மறுபடியும் நிறுத்துங்க மதினி என்றாள். நான் இடது கையால் அவள் முழங்காலை அழுத்திப் பிடித்து, "பேசாத. என்னைய இறுக்கிக் கட்டிக்க. எது நடந்தாலும் இறங்காத" என்றேன். என் குரலைக் கேட்டு அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். என் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். அவள் வயிறு என் முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே குழந்தை உதைத்தது என் முதுகில் தெரிந்தது.

அவர்கள் பைக்கை முன்னால் விட்டு எங்கள் வழியை மறிப்பது போல மெதுவாக ஓட்டினார்கள். நான் ஒதுங்கிப் போனால் அவர்களும் அந்தப் பக்கம் ஒதுங்கினார்கள். டிக் டிக் சத்தம் நிற்கவே இல்லை. அந்தச் சத்தம் நின்றால் காற்று இறங்கிவிட்டது என்று அர்த்தம் என நானாக நினைத்துக்கொண்டு, அது கேட்க வேண்டும் கேட்க வேண்டும் என்று ஓட்டினேன். ஒரு இடத்தில் ரோடு அகலமாக இருந்தது. அங்கே அவர்களைத் தாண்டினேன். தாண்டும்போது சிவப்புச் சட்டைக்காரர் இடது காலை நீட்டி என் வண்டியின் பின்பக்கம் உதைத்தார். வண்டி ரோட்டை விட்டுச் சரளைக் கற்களில் இறங்கிச் சறுக்கியது. அந்தச் சறுக்கலில் ஆணி பிடுங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். சக்கரத்திலிருந்து உஸ் என்று பச்சைத் திரவம் பீய்ச்சி அடித்தது. முத்துமீனாவின் சேலைக் கரையிலும், உதைக்க நீட்டிய அவருடைய காலிலும் தெறித்தது. அவர் கெட்ட வார்த்தை சொல்லிக் காலை இழுத்துக்கொண்டார். நான் வண்டியைக் கீழே விடாமல் மறுபடியும் ரோட்டில் ஏற்றிவிட்டேன். எப்படி ஏற்றினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

கொஞ்ச தூரத்தில் உஸ் சத்தம் அடங்கிவிட்டது. டயர் முன்பை விட மெத்தென்று இருந்தது, வண்டி லேசாக ஆடியது, ஆனால் ஓடியது. தச்சனேந்தல் விலக்கில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் வாய்க்கால் வெட்டி முடித்துவிட்டு, புளிய மரத்தடியில் மண்வெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் வண்டியை நேராக அவர்கள் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன். எங்கள் பின்னால் வந்த பைக் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு வந்த வழியே திரும்பிப் போனது.

அந்தப் பெண்களில் வேலையை மேற்பார்க்கும் செல்லக்கிளி என்பவர் என்னை முன்பே அறிவார். அவர் முத்துமீனாவை இறக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர்கள் வந்த வழியே ஏன் திரும்பினார்கள் என்று செல்லக்கிளி கேட்டார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பெட்ரோல் பங்க்கில் பார்த்த பெண்ணின் ஞாபகம் வந்தது. அவர் இந்நேரம் பாலத்தருகே வந்திருப்பார். அவர் வண்டியில் என் வண்டியில் உள்ளது போலத் திரவம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. அவரிடம் சொல்ல போன் நம்பரும் என்னிடம் இல்லை.

செல்லக்கிளி போலீஸ் அவசர எண்ணுக்குப் போன் செய்தார். வருகிறோம் என்று சொன்னார்கள். ஆனால் ஒத்தக்கடைப் பக்கமிருந்து வர நேரம் ஆகும். அப்போது அந்த ஊரைச் சேர்ந்த பால்பாண்டி என்பவர் குட்டியானை என்று சொல்லும் சிறிய சரக்கு வண்டியில் வாழை இலைக் கட்டு ஏற்றிக்கொண்டு வந்தார். செல்லக்கிளி வண்டியை மறித்து விஷயத்தைச் சொன்னார். பால்பாண்டி, "போலீசு வரட்டும்க்கா. அவனுங்க கையில என்ன வச்சிருக்கானுங்களோ" என்று தயங்கினார். அவர் தயங்கியது தப்பில்லை. எனக்கும் திரும்பிப் போகப் பயமாகத்தான் இருந்தது. முத்துமீனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போகாதீங்க மதினி. அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்" என்று அழுதாள். நான், "அந்தப் பிள்ளைய இந்த ரோட்டுல வான்னு சொன்னதே நான்தான் முத்து" என்றேன். அதைக் கேட்டு அவள் கையை விட்டாள். நான் குட்டியானையின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். செல்லக்கிளியும் வேறு சில பெண்களும் மண்வெட்டியோடு பின்னால் இலைக் கட்டுகளின் மேல் ஏறினார்கள். அதற்குப் பிறகு பால்பாண்டி வண்டியைத் திருப்பினார்.

பாலத்துக்குச் சற்று முன்பாகவே அந்தப் பெண்ணின் ஸ்கூட்டர் தெரிந்தது. ஸ்டாண்ட் போட்டு ஓரமாக நிறுத்தியிருந்தது. பின் சக்கரம் தரையோடு அமுங்கிக் கிடந்தது. ஹெல்மெட் ரோட்டு நடுவில் உருண்டு கிடந்தது. கைப்பை வாய் திறந்து கிடந்தது. அவரைக் காணவில்லை. கண்ணாடிக்காரர் பைக்கில் உட்கார்ந்து இன்ஜினை அணைக்காமல் வைத்திருந்தார். சிவப்புச் சட்டைக்காரர் கையில் ஒரு கட்டையோடு கண்மாய்க் கரை மேல் நடந்து கருவேலப் புதர்களுக்குள் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பையில் இருந்ததை எடுத்த பிறகும் அந்தப் பெண்ணை ஏன் தேடினார்கள் என்பதை நினைத்துப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

பால்பாண்டி ஹாரனை அழுத்தி, கையை எடுக்காமலே ஓட்டினார். கண்ணாடிக்காரர் கூட்டாளியைக் கூப்பிடக்கூட இல்லை. பைக்கைக் கிளப்பி எங்களை நோக்கி வந்து, பாலத்தின் சுவருக்கும் எங்கள் வண்டிக்கும் நடுவில் இருந்த சந்தில் புகுந்து போனார். நான் உட்கார்ந்திருந்த பக்கமாகத்தான் போனார். முகத்தில் கட்டியிருந்த கைக்குட்டை கழன்று கழுத்தில் கிடந்தது. இடம் குறுகல் என்பதால் மெதுவாகத்தான் போக முடிந்தது. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கை தூரம்கூட இல்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவசரத்தில் பார்த்த பார்வை இல்லை. இன்னார் என்று தெரிந்துகொள்வது போலப் பார்த்துவிட்டுப் போனார்.

சிவப்புச் சட்டைக்காரர் கண்மாய்க்குள் குதித்து ஓடினார். கரையோரம் வெடித்துக் காய்ந்திருந்தாலும் நடுவில் ஈரம் காயாமல் இருந்தது. அங்கே கெண்டைக்கால் வரை புதைந்து நின்றுவிட்டார். பெண்கள் மண்வெட்டியோடு சுற்றி நின்றுகொண்டார்கள். யாரும் அவரை அடிக்கவில்லை. அவர், "நான் ஒதுங்க வந்தவன்க்கா. என்னைய எதுக்கு மடக்குறீங்க" என்று சொன்னார். செல்லக்கிளி, "அப்ப உன் தொடையில பச்சையா அப்பியிருக்கே, அது என்னடா" என்று கேட்டார். அவருடைய சாம்பல் நிறப் பேண்ட்டில் இடது முழங்காலுக்கு மேலே என் டயரிலிருந்து தெறித்த பச்சைத் திரவம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கப் பார்த்தார். அது இழுபட்டதே தவிரப் போகவில்லை. அவர் பெயர் கருத்தக்கண்ணன் என்று பின்னால் காவலர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இதெல்லாம் நடக்கும்போதே நான் கரை மேல் நின்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். எனக்குப் பெயர் தெரியாது. "தங்கச்சி, பங்க்குல வழி சொன்ன அக்கா வந்திருக்கேன். வெளிய வாம்மா" என்று திரும்பத் திரும்பக் கத்தினேன். பதில் இல்லை. மரத்துக்கு மரம் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு புதரை விலக்கும்போதும் அங்கே என்ன கிடக்குமோ என்று பயந்துகொண்டே விலக்கினேன். கடைசியில் கண்மாய் மடைக்குள்ளிருந்து, "அக்கா" என்று ஒரு சத்தம் வந்தது. தண்ணீர் போகும் அந்தக் குழாய்க்குள் ஊர்ந்து போய் முகம் குப்புறப் படுத்திருந்தார். கரையிலிருந்து குதித்ததில் வலது கை ஒடிந்து தொங்கியது. சேறும் முள்ளுமாக இருந்தார். நான் உள்ளே கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டார். ஆனால் வெளியே வர மாட்டேன் என்றார். உண்மையிலேயே பங்க்கில் பார்த்த அக்காதானா என்று கேட்டார். நான் குழாய் வாயில் படுத்து என் முகத்தைக் காட்டிய பிறகுதான் வந்தார்.

அதன் பிறகு காவல்துறையினர் வந்தார்கள். பிடித்து வைத்திருந்தவரை ஒப்படைத்தோம். பாலத்தின் மேல், பழைய செருப்பு ரப்பரில் குத்தி நிறுத்திய ஆணிகள் மண்ணோடு மண்ணாகக் கிடந்ததைக் காவலர்கள் என் முன்னிலையில் எடுத்தார்கள். சுஷ்மாவைப் பால்பாண்டி வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். முத்துமீனாவுக்கும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னார். என் வண்டியைக் கணவர் வந்து பார்த்தார். ஆணி ஏறியிருந்த ஓட்டையில் பச்சையாகக் கட்டி அடைத்திருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

யாராவது மிரட்டினார்களா என்று நடுவர் அம்மா கேட்டதற்குச் சொல்கிறேன். நேரில் யாரும் மிரட்டவில்லை. மறுநாள் வியாழக்கிழமை காலை எங்கள் கடைக்கு ஒரு போன் வந்தது. எடுத்தது கடையில் உடன் வேலை பார்க்கும் தமிழ்வாணி. ஒரு ஆண் குரல், பாண்டீஸ்வரி இன்றைக்கு வேலைக்கு வந்திருக்கிறாரா, எந்த வழியாக வீட்டுக்குப் போவார் என்று கேட்டது. யார் என்று கேட்டதும் வைத்துவிட்டார். என் பெயரும் கடையும் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று முதல் நான் பேருந்தில் போகிறேன். பேருந்தில் கண்ணாடி போட்ட யார் ஏறினாலும் முகத்தை மறைத்துக்கொள்கிறேன். என் வேலையே கண்ணாடி போட்டவர்களின் முகத்தைப் பார்ப்பதுதான் என்பதால் கடையிலும் உட்கார முடியவில்லை.

என் கணவர் நேற்று என்னிடம், "ஒருத்தன்தான் மாட்டிட்டான்ல. இன்னொருத்தனைப் பாக்கலைன்னு சொல்லிரு பாண்டி. நான் கப்பலூர்ல இருக்கேன். வீட்டுல நீயும் முத்துவும்தான" என்று சொன்னார். அவர் கோழை இல்லை. எங்களை நினைத்துச் சொன்னார். இப்போதும் வெளியே வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

நேற்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போய் சுஷ்மாவைப் பார்த்தேன். வண்டி நின்றதும் ஒருவர் உதவி செய்வதாகச் சொல்லிக் குனிந்தார், இன்னொருவர் முகத்தைக் கட்டியிருந்தார், பையை வீசிவிட்டு ஓடினேன், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்று சொன்னார். செல்லக்கிளியும் மற்றப் பெண்களும் இலைக் கட்டின் மேல் குனிந்திருந்ததால் பார்க்கவில்லை. பால்பாண்டி சுவரில் இடிக்காமல் ஓட்டுவதில் கவனமாக இருந்தார். கைக்குட்டை இல்லாத அந்த முகத்தைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால் என் பயம் போய்விடுமா என்று நடுவர் அம்மா கொடுத்த நேரத்தில் யோசித்துப் பார்த்தேன். போகாது. நான் பார்த்தது அவருக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன். அவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். மாநிறம். நீண்ட முகம். மேலுதட்டில் தையல் போட்ட தழும்பு உண்டு. அவர் போட்டிருந்தது மைனஸ் பவர் கண்ணாடி; அதில் இடது லென்ஸ் வலது லென்ஸை விட நல்ல கனம், அதனால் இடது கண் மட்டும் சிறியதாகத் தெரியும். இப்படிப்பட்ட கண்ணாடி பலருக்கு இருக்காது. செய்து கொடுத்த கடையில் விசாரித்தால் தெரியவரும். அவரை எங்கே, எத்தனை பேர் நடுவில் நிறுத்தினாலும் என்னால் அடையாளம் காட்ட முடியும்.

நான் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே இதில் சொல்லியிருக்கிறேன். யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை. எழுதியதை நடுவர் அம்மா நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. கையெழுத்து வழக்கமாகப் போடுவது போல இல்லை. ஆனாலும் இது என் கையெழுத்துதான்.

(ஒப்பம்) செ. பாண்டீஸ்வரி